பேரா வேலைக்கு 60 கிரெடிட் கேட்கிறார்கள், மணிக்கு 18.50 டாலர் தருகிறார்கள். சேரலாமா?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறோம், வந்து ஆறு வருடம் ஆகிறது. நான் எச்4 விசா, கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது. வேலை செய்ய அனுமதி தரும் இஏடி அட்டை இப்போதுதான் கைக்கு வந்தது. ஊரில் பி.இ. முடித்துவிட்டு ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் எலக்ட்ரிகல் லேப் எடுத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகவில்லை. பையன் இரண்டாம் வகுப்பு, பெண் பிரீ-கே (மழலையர் வகுப்பு).

பக்கத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் பேராபுரொஃபெஷனல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஸ்பெஷல் எஜுகேஷன் வகுப்பில் டீச்சரோடு இருக்க வேண்டிய வேலை. 60 காலேஜ் கிரெடிட் (இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு அளவு) இருக்க வேண்டும், அல்லது அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்), அல்லது பேராக்களுக்கான பேராப்ரோ என்ற தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. என்னுடையது வெளிநாட்டு டிகிரி என்பதால் அது இங்கே எதற்குச் சமம் என்று என் செலவில் எவாலுவேஷன் அறிக்கை வாங்க வேண்டுமாம். கைரேகை, டிபி டெஸ்ட் செலவும் என்னுடையதுதான்.

சம்பளம் மணிக்கு 18.50 டாலர். ஒரு நாளைக்கு 5.9 மணி நேரம், வாரத்துக்கு 29.5. இன்சூரன்ஸ் கிடையாது, கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது. 180 நாளுக்குக் கணக்குப் போட்டால் வரிக்கு முன்னால் 19,647 டாலர் வருகிறது. பெண்ணை மதியத்துக்கு மேல் டேகேரில் விட்டால் அதில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். வேர்ஹவுஸில் படிப்பே கேட்காமல் மணிக்கு 20 டாலர் தருகிறார்கள் என்று தோழி சொல்கிறாள்.

ஆனாலும் எனக்கு இந்த வேலை மேல் ஆசை இருக்கிறது. பையனுக்கு மூன்று வயதில் பேச்சு வரவில்லை. டிஸ்ட்ரிக்டின் பிரீஸ்கூல் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பேரா அம்மாதான் அவனை முதல்முதலாக "மோர்" (இன்னும் வேண்டும்) என்று இங்கிலீஷில் சொல்ல வைத்தார். நான் அங்கே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு இவ்வளவு தகுதி ஏன் கேட்கிறார்கள்? தேர்வு எழுதுவதா, எவாலுவேஷன் வாங்குவதா? இது டீச்சர் வேலைக்கு வழிவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெற்கு ஜெர்சி அப்பா:

வேண்டாம் சகோதரி. மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மனைவி ஒரு வருடம் பார்த்தார். முன்கையில் கடித்த தழும்போடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அந்தப் பிள்ளை மேல் அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. பிள்ளை ஏன் கடிக்கிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அதுதான் அவரை அழவைத்தது. பயிற்சி என்று இரண்டு வீடியோ போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான். நீங்கள் பி.இ. படித்தவர். ஆறு மாதம் டேட்டா பக்கம் படித்தால் இதைப் போல மூன்று மடங்கு சம்பளத்தில் தொடங்கலாம்.

மதுரைக்காரி:

காவிரிக்கரை, உங்கள் கேள்வியை மத்தியானமே பார்த்தேன். பஸ் ட்யூட்டி முடிந்து, வீட்டுக்கு வந்து, சாதம் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. 2016இல் இந்த ஊரில் பேராவாகச் சேர்ந்தேன். இது பத்தாவது வருடம்.

முதலில் அந்த 60 கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அது உங்கள் டிஸ்ட்ரிக்ட் போட்ட விதி இல்லை. 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்தில் வந்தது. அதற்கு முன்னால் பல இடங்களில் ஹைஸ்கூல் முடித்திருந்தால் போதும். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு 'டைட்டில் ஒன்' என்று மத்திய அரசு பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் டீச்சருக்குப் பதிலாக ஏய்டுகளை, அதாவது வகுப்பு உதவியாளர்களை வைத்து வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது. அதனால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அல்லது அசோசியேட் டிகிரி, அல்லது ஒரு தேர்வு, இந்த மூன்றில் ஒன்று வேண்டும் என்று சட்டம் சொன்னது. டைட்டில் ஒன் பள்ளிகளுக்குத்தான் அது கட்டாயம். ஆனால் பல டிஸ்ட்ரிக்டுகள் எல்லாப் பள்ளிக்கும் அதையே வைத்துவிட்டன.

நான் அந்த விதியை எதிர்க்க மாட்டேன். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அருகில் உட்காருகிறவருக்குப் படிப்பு இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் தகுதியைக் கூட்டிய அதே சட்டம் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் வருத்தம் அங்கேதான். 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். டீச்சர்களுக்கு இருந்த 'ஹைலி குவாலிஃபைட்' என்ற தகுதி விதியை அதில் நீக்கினார்கள். பேராக்களுக்கு இருந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நியூஜெர்சியில் இன்னொன்றும் நடந்தது. ஆள் கிடைக்கவில்லை என்பதால் டீச்சர் சர்டிஃபிகேட்டுக்கு எழுதவேண்டியிருந்த அடிப்படை வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வை 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். பேராவுக்கான தகுதி விதி மத்திய சட்டத்தில் இருப்பதால் அதை மாநிலம் எடுத்துவிட முடியாது. ஆக, கல்லூரிப் படிப்பு இல்லாத பேரா டைட்டில் ஒன் பள்ளியில் இன்றைக்கும் ஒரு தேர்வை எழுதித்தான் உள்ளே வர வேண்டும்.

சம்பளக் கணக்கைப் பாருங்கள். நான் சேர்ந்தபோது மணிக்கு 13.25 டாலர். அன்றைக்கு நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி 8.38. படிக்காமலே கிடைக்கும் கூலியைவிட எனக்குப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கிடைத்தது. 2025இல் குறைந்தபட்சக் கூலி 15.49, என் சம்பளம் 19.80. வித்தியாசம் கால்வாசிக்குச் சற்று மேல்தான். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் 18.50 ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடுதல் இல்லை. குறைந்தபட்சக் கூலி ஏறியது நல்லது, ஏழைகளுக்கு அது வேண்டும். ஆனால் அது ஏறின அளவுக்கு எங்கள் சம்பளத்தை யாரும் ஏற்றவில்லை. உங்கள் தோழி வேர்ஹவுஸைக் காட்டுவதில் தப்பே இல்லை.

அந்த 29.5 மணி நேரத்துக்கும் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்கிறவரை முழுநேரம் என்று கணக்கில் எடுத்து, பெரிய நிறுவனங்கள் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று ஒபாமா காலத்து சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அரை மணி நேரத்தைக் குறைத்தால் அந்தச் செலவு மிச்சம். இந்த மாநிலத்தில் பள்ளி ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் புதிதாகச் சேர்வதற்கு வாரம் 32 மணி நேரம் வேண்டும். அதுவும் கிடைக்காது. நான் முதலில் இருந்த டிஸ்ட்ரிக்டில் 32.5 மணி நேரம் கொடுத்தார்கள். மூன்றாவது வருடம் 29.5 ஆக்கினார்கள். அடுத்த வருடம் எங்கள் எல்லோரையும் ஒரு வெளிக் கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். அதே வகுப்பு, அதே பிள்ளைகள், அதே நாற்காலி. ஆனால் சிக் லீவ் ரொம்பக் குறைந்தது, யூனியன் போனது. ஒரு வாரம் யோசித்துவிட்டு வேறு டிஸ்ட்ரிக்டுக்கு மாறினேன்.

கோடைக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செப்டம்பரில் திரும்ப வேலை உண்டு என்று பள்ளி ஒரு கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் இருந்தால் உதவித்தொகை கிடையாது. ஆனால் மினசோட்டாவில் 2023இல் சட்டத்தை மாற்றி, மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பள்ளி ஊழியர்களுக்குக் கோடையிலும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? நான் இருப்பது எட்டுப் பிள்ளைகள் உள்ள ஆட்டிசம் வகுப்பு. ஒரு டீச்சர், மூன்று பேரா. காலையில் பஸ்ஸிலிருந்து இறக்கும்போதே அன்றைக்கு யார் தூங்கவில்லை, யாருக்கு வயிறு சரியில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பையை மாட்டுவது, படம் ஒட்டிய அட்டவணையைக் காட்டுவது, டாய்லெட், சாப்பாடு, ரீசஸ். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிகிற பாதி. தெரியாத பாதி இது. ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை தானாகக் கேட்டது, எத்தனை தடவை நாம் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது என்று ஒவ்வொன்றையும் கோடு போட்டுக் குறித்து வைக்கிறோம். அந்தக் குறிப்பை வைத்துத்தான் அந்தப் பிள்ளையின் ஐஇபியில், அதாவது அந்தப் பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில், அடுத்த வருட இலக்கை எழுதுகிறார்கள். டீச்சர் ஐஇபி மீட்டிங் போனால், பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாத சப்ஸ்டிட்யூட்டை (மாற்று டீச்சரை) வைத்துக்கொண்டு வகுப்பை நடத்துவது நாங்கள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். ஏழு வயது, பேச்சு கிடையாது. கணக்கு நேரம் வந்தால் கடிப்பான், தெற்கு ஜெர்சி அப்பா சொன்ன அதே தழும்பு எனக்கும் இருக்கிறது. பேசும் டேப்லெட் ஒன்று அவனிடம் இருந்தது, ஆனால் சாப்பாடு கேட்க மட்டும்தான் தொடுவான். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் "உதவி" என்ற பட்டனைப் பெரிதாக்கி ஓரத்தில் வைத்துக் கொடுத்தார். அவன் பல்லைக் கடிக்கத் தொடங்கும் அந்த நொடியில், கை ஓங்குவதற்கு முன்னால், அவன் விரலை எடுத்து அந்தப் பட்டனில் வைக்க வேண்டும். பட்டன் பேசியதும் கணக்குத் தாளை எடுத்துவிட வேண்டும். இதை ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்தேன். அக்டோபரில் தொடங்கினோம். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, நான் வேறு பிள்ளைக்கு ஷூ கட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் "உதவி" என்று டேப்லெட் சொன்னது. திரும்பினால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கு அப்புறம் அந்த வருடம் மொத்தத்தில் இரண்டு தடவைதான் கடித்தான்.

எந்த நொடியில் விரலை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிவது ஒரு கலை. வகுப்பில் பாடம் நடத்துவதற்கு எந்த விதத்திலும் அது குறைந்தது இல்லை. அதனால் யாராவது எங்களை "டீச்சருக்கு ஹெல்ப் பண்றவங்க" என்று சொன்னால் நான் உடனே திருத்துவேன். நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். அதற்குச் சம்பளம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2022 மார்ச்சில் மினியாபொலிஸில் டீச்சர்களும் பேராக்களும் சேர்ந்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 24,000 டாலரில் தொடங்கும் பேரா சம்பளத்தை 35,000 ஆக்க வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. அடுத்த வருடம் மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் எஸ்இஐயு லோக்கல் 99 என்ற பள்ளி ஊழியர் யூனியன் மூன்று நாள் நிறுத்தம் செய்தது. ஏய்டுகள், பஸ் டிரைவர்கள், துப்புரவு ஊழியர்கள், கேண்டீன் ஊழியர்கள் என்று 30,000 பேர். சராசரி ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர் என்று யூனியன் சொன்னது. டீச்சர்களும் ஆதரவாக வெளியே வந்தார்கள். கடைசியில் 30 சதவீத உயர்வு வாங்கினார்கள். எச்4இல் இருக்கிற நாம் யூனியன் என்றாலே ஒதுங்கி நிற்கிறோம். வேலை செய்ய அனுமதி இருக்கிற எவரும் பள்ளி யூனியனில் சேரலாம் தங்கச்சி, பயப்பட வேண்டாம்.

இனி உங்களுக்கு. தேர்வை விட்டுவிட்டு எவாலுவேஷன் வாங்குங்கள். நான்கு வருட பி.இ.க்கு 60 கிரெடிட் தாராளமாக வரும். என்ஏசிஇஎஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம், பாடவாரியான அறிக்கையாகக் கேளுங்கள். பின்னால் சப்ஸ்டிட்யூட் சர்டிஃபிகேட்டுக்கும் டீச்சர் சர்டிஃபிகேட்டுக்கும் அதே அறிக்கை பயன்படும். யுனிவர்சிட்டியிலிருந்து மார்க் ஷீட் வருவதற்குத்தான் காலம் ஆகும், ஊரில் யாரையாவது நேரில் போகச் சொல்லுங்கள். அது தாமதமானால் மட்டும் பேராப்ரோ எழுதுங்கள். 90 கேள்வி, இரண்டரை மணி நேரம். மதிப்பெண் 420லிருந்து 480 வரை, நியூஜெர்சியில் 456 வேண்டும். கணக்கு நம் ஊர் எட்டாம் வகுப்பு அளவுதான். எழுத்துப் பகுதியில் வாக்கியத்தில் பிழை எங்கே என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் ஒரு வாரம் பழகுங்கள்.

இன்னொன்று. 2018இல் வந்த மாநிலச் சட்டப்படி, கடந்த 20 வருடத்தில் நீங்கள் வேலை பார்த்த பள்ளிகளுக்கும் பிள்ளைகளோடு பழகும் இடங்களுக்கும் ஒரு ஃபார்ம் அனுப்பிப் பதில் வாங்குவார்கள். டிஸ்ட்ரிக்ட் மாறியபோது, நான் மதுரையில் வேலை பார்த்த மெட்ரிக் பள்ளியிலிருந்து பதில் வர இரண்டு மாதம் ஆனது. உங்கள் கல்லூரியையும் கேட்கலாம், இப்போதே பழைய எச்ஓடியைக் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்.

டீச்சர் ஆவதற்கு இந்த வேலை சட்டப்படி ஒரு படி இல்லை. அதற்கு வேறு சர்டிஃபிகேட், வேறு படிப்பு. ஆனால் ஸ்பெஷல் எஜுகேஷன் உங்களுக்கு ஒத்துவருமா என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். கணக்கிலோ ஃபிசிக்ஸிலோ போக நினைத்தால் உங்கள் டிகிரியை வைத்து நேராக ஆல்டர்னேட் ரூட்டுக்கே (வேறு பாடத்தில் டிகிரி உள்ளவர்கள் டீச்சராகும் வழி) முயற்சி செய்யலாம், பேரா வேலையில் வந்து காத்திருக்க வேண்டாம்.

சேருவதாக இருந்தால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளம் கொடுப்பது டிஸ்ட்ரிக்டா, கம்பெனியா? ஒரு பிள்ளைக்கு மட்டுமா, வகுப்புக்கா? ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போனால் என் வேலை என்ன ஆகும்? கடி, அடி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று யார், எத்தனை மணி நேரம் சொல்லித்தருவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள். தெற்கு ஜெர்சி அப்பா, உங்கள் மனைவிக்கு நடந்தது அநியாயம். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தெற்கு ஜெர்சி அப்பா:

சொல்கிறேன் அக்கா. இதை அவரிடம் வாசித்தும் காட்டினேன். "உதவி" பட்டன் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஹாரோ வாசகி:

லண்டனிலிருந்து எழுதுகிறேன், பேராவை இங்கே டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) என்போம். டிஏ ஆவதற்குச் சட்டப்படி ஒரு படிப்பும் தேவை இல்லை. ஆனால் பள்ளிகள் ஜிசிஎஸ்இயில் (இங்கே 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) இங்கிலீஷும் கணக்கும் கேட்கின்றன, கூடவே டிஏ வேலைக்கான லெவல் 2 அல்லது 3 சான்றிதழ். 2003 முதல் எச்எல்டிஏ (ஹையர் லெவல் டிஏ) என்று மேல்நிலை ஒன்று இருக்கிறது, அவர்கள் வகுப்பே எடுக்கலாம். சம்பளத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் இருப்பது வருடம் முழுக்க வேலை செய்தால் வரும் தொகை. நமக்குப் பள்ளி நடக்கும் 39 வாரத்தோடு விடுமுறைச் சம்பளமாகக் கொஞ்சம் சேர்த்துக் கணக்கிட்டு, 12 மாதமாகப் பிரித்துத் தருவார்கள். முதல் மாதம் பேஸ்லிப்பைப் பார்த்து நான் ஆபீஸில் போய் "தப்பாகப் போட்டுவிட்டீர்கள்" என்று சொன்னேன். தப்பில்லை, அவ்வளவுதான் சம்பளம். இங்கே வேலை தேடும் நம்மவர்கள் கையில் எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரி அக்கா, உங்கள் பதிலைக் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். நேற்று டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குப் போன் செய்தேன். சம்பளம் டிஸ்ட்ரிக்ட்தான் கொடுக்கிறது, யூனியன் உண்டு. 29.5 மாறாது என்று சொல்லிவிட்டார்கள். வகுப்புக்கான வேலை, ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. பயிற்சி பற்றிக் கேட்டதற்கு ஆகஸ்டில் இரண்டு நாள் என்றார்கள். அது போதுமா? எவாலுவேஷனுக்குப் பணம் கட்டிவிட்டேன். மார்க் ஷீட்டுக்கு அப்பா திங்கட்கிழமை யுனிவர்சிட்டிக்குப் போகிறார். செவ்வாய்க்கிழமை நேர்காணல்.

மதுரைக்காரி:

இரண்டு நாள் போதாது, ஆனால் இரண்டு வீடியோவைவிட நல்லது. அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். பயிற்சிக்குப் பின் வகுப்பில் யாரோடு நிற்க வைப்பார்கள் என்றும் கேளுங்கள், பழைய பேரா ஒருவரோடு முதல் இரண்டு வாரம் விட்டால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். நேர்காணல் முடிந்ததும் வகுப்பைப் பத்து நிமிடம் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே போனால் சுவரில் இருக்கும் சார்ட்டைப் பார்க்க வேண்டாம். பேராக்கள் பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்களா, டீச்சர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். செவ்வாய் ராத்திரி இங்கே வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.